பன்னிரண்டாம் தேதி ஒரு நீலக் கதவு

"பன்னிரண்டாம் தேதி அந்தக் கதவு எங்க இருந்துச்சு?"

தச்சர் இழைப்புளியைக் கீழே வைத்தார். உதட்டில் கவ்வியிருந்த இரண்டு ஆணிகளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். பிறகு ரெக்கார்டக்காவின் காலடியைக் காட்டினார்.

"நீங்க நிக்கிற இடத்துலதாம்மா. அந்தச் சுவத்துல சாய்ச்சு வெச்சிருந்தேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பன்னிரண்டு, வியாழக்கிழமை. மூணு மாசம் ஆயிடுச்சு."

"யோசிக்க என்ன இருக்கு? பத்தாம் தேதி சாயங்காலம் கழட்டி வண்டியில போட்டு எடுத்துட்டு வந்தேன். பதினேழாம் தேதி கொண்டுபோய் மாட்டினேன். நடுவுல அது எங்க போகும்? கால் முளைச்சு நடந்தா போகும்?"

மரத்தூள் மூக்கில் ஏறித் தும்மிக்கொண்டிருந்த அரை வக்கீல், தும்மலைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கையைத் தட்டினான்.

"அக்கா! கதவுக்கு அலிபி இருக்கு!"

"என்னது?" என்றார் தச்சர்.

"சம்பவம் நடந்தப்ப ஆள் வேற இடத்துல இருந்தான்னு காட்டறதுக்குப் பேரு அலிபி. சம்மன் ஒட்டினதா எழுதியிருக்கிற நேரத்துல கதவு இங்க சாய்ஞ்சு ஓய்வெடுத்துக்கிட்டு இருந்திருக்கு. இல்லாத கதவுல எப்படிங்க ஒட்டறது? காத்துல பசை தடவியா?"

தச்சர் ரெக்கார்டக்காவைப் பார்த்தார். "இவரு வக்கீலா?"

"பாதி," என்றாள் அவள்.

அது உண்மைதான். அவன் சட்டக் கல்லூரிக்குள் போனதற்குச் சாட்சி உண்டு, வெளியே வந்ததற்கும் சாட்சி உண்டு. பாஸானதற்குத்தான் இல்லை. மூன்று முறை எழுதி மூன்று முறையும் கவிழ்ந்தவன். ரெக்கார்டக்காவோ நீதிமன்ற ஆவண அறையில் இருபத்திரண்டு வருடம் வழக்குக் கட்டுகளோடு குடித்தனம் நடத்திவிட்டு, தூசி நுரையீரலைத் தின்னத் தொடங்கியதும் வேலையை விட்டவள். இப்போது வக்கீல்களுக்காகத் துப்புத் துலக்குகிறாள். ஒரு காகிதத்தைப் பார்த்தால் அதில் எழுதியிருப்பதைப் படிப்பதற்கு முன்னால் அது எப்போது எழுதப்பட்டது, யார் கை வழியாக வந்தது என்று பார்ப்பாள். ஐம்பத்தொரு வயதில் அந்தப் பழக்கம் இனிப் போகப்போவதில்லை.

கையில் இருந்த வழக்கு இதுதான். ஒரு தையல்காரம்மா. அவளுக்கு மேலே ஓர் அண்ணன், கீழே ஒரு தம்பி. தம்பிக்கு முப்பத்து நான்கு வயது. மனதுக்கு ஐந்தைத் தாண்டவில்லை. வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்றுதான் பெயர். அப்பா அம்மா போன பிறகு பதினெட்டு வருடமாக அவனைக் குளிப்பாட்டி, ஊட்டி, நகம் வெட்டி, தூங்கவைத்தது அக்காதான். அதற்காக எந்தக் கோர்ட்டும் அவளுக்குக் காகிதம் கொடுத்ததில்லை, அவளும் கேட்டதில்லை. மூன்று மாதத்துக்கு முன் அண்ணன் மனுப்போட்டான், தன்னைத் தம்பிக்குக் காப்பாளராக நியமிக்க வேண்டும் என்று. விசாரணை நாளில் தையல்காரம்மாவின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். ஆள் இல்லை. சம்மன் முறையாகச் சேர்ந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு, நீதிபதி மனுதாரர் சொன்னதை மட்டும் கேட்டு ஒருதலைப்பட்சமாக உத்தரவு போட்டார். அடுத்த வாரமே அண்ணன் சின்னவனை ஒரு காப்பகத்தில் சேர்த்தான். சேர்த்த நாளிலிருந்து சின்னவன் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. சட்டை தோளில் நிற்காமல் வழிகிற அளவுக்கு இளைத்துவிட்டான்.

"எனக்குச் சம்மனே வரலைங்க," என்று தையல்காரம்மா ஒரு வக்கீலம்மாவிடம் போய் அழுதாள். அவர்தான் ரெக்கார்டக்காவிடம் துப்புத் துலக்கச் சொன்னவர்.

உத்தரவை ரத்து செய்யச் சொல்லும் மனு தட்டச்சாகிவிட்டது. அதனுடன் சேர வேண்டிய பிரமாணப் பத்திரமும் தயார். நாளைக் காலை பத்தரை மணிக்கு அவள் சத்தியம் செய்து அதில் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்றுதான் குறை. சேர்ந்தது என்று கோர்ட் ஊழியரே எழுதிக் கொடுத்திருக்கும்போது, சேரவில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை இவர்கள் தலையில்தான். அந்தச் சுமையை இறக்கத்தான் ரெக்கார்டக்கா இந்தப் பட்டறைக்கு வந்திருந்தாள்.

"நீங்க சொல்றதை நம்பறேன். கோர்ட் நம்ப ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

தச்சர் மூலையில் இருந்த ஒரு ஜன்னல் சட்டத்தைத் திருப்பிக் காட்டினார். கீல் பதிக்கிற விளிம்பில் பென்சிலால் ஒரு பெயர், ஒரு தேதி. "எது வந்தாலும் இங்க எழுதிடுவேன். இந்தப் பக்கம் பெயின்ட் அடிக்க மாட்டேன். அந்தம்மா வீட்டுக் கதவைத் திறந்து கீல் பக்கம் பாருங்க. வந்த தேதி, பெயின்ட் அடிச்ச தேதி, ரெண்டும் என் கையெழுத்துல இருக்கும்."

"கதவு சாட்சியே சொல்லுதுக்கா!" அரை வக்கீலுக்குத் தலைகால் புரியவில்லை. "குறுக்கு விசாரணை பண்ணினாலும் உளறாது!"

"பெயின்ட் எப்ப அடிச்சீங்க?" என்று ரெக்கார்டக்கா கேட்டாள்.

"பதினாறு, திங்கக்கிழமை. அதுக்கு முன்னால தவிட்டு நிறத்துல இருந்துச்சு."

"கதவுக்கு என்ன ஆச்சு? கரையானா?"

தச்சர் இழைப்புளியை மறுபடி கையில் எடுத்தார். "கரையான் இல்லம்மா. அடி. நடுப்பலகை ரெண்டா பிளந்திருந்துச்சு. தாழ்ப்பாள் பக்கம் சட்டமே விட்டுப்போச்சு." அதன் அலகைக் கட்டைவிரலால் தடவினார். "எல்லாம் உள்பக்கத்துலேர்ந்து."

*

அரை வக்கீலின் ஸ்கூட்டர் கோர்ட் சாலையில் திரும்பும்வரை அவன் வாய் ஓயவில்லை.

"அறிக்கை பொய். சம்மன் ஒட்டலை. எதிர்த்தரப்புக்குச் சேதியே போகாம அவங்களைக் கேக்காம தீர்ப்பு. ரெண்டு பக்கமும் கேக்காம முடிவு பண்ணக் கூடாதுங்கிறதுதான்க்கா சட்டத்தோட முதல் பாடம். அந்தப் பாடத்துல மட்டும் நான் மூணு தடவையும் பாஸு."

"வண்டியை ஓரமா நிறுத்து."

"ஏன்க்கா, தலை சுத்துதா?"

"நிறுத்துடா."

ஒரு மூடிய கடையின் நிழலில் நிறுத்தினான். ரெக்கார்டக்கா பையிலிருந்து சம்மன் அறிக்கையின் நகலை எடுத்தாள். காலையிலிருந்து ஆறாவது முறையாகப் படித்தாள். 'எதிர்மனுதாரர் வீட்டில் இல்லாததால், வீட்டின் நீல நிற முன்கதவில் பன்னிரண்டாம் தேதி காலை பதினொன்றரை மணிக்குச் சம்மன் ஒட்டிச் சேர்க்கப்பட்டது.'

"இதுல என்ன நிறம்னு எழுதியிருக்கு?"

"நீலம். அந்த வீட்டுக் கதவு நீலம்தானே? நாமதான் பாத்தோமே."

"நாம பாத்தது இந்த வாரம். பன்னிரண்டாம் தேதி அது தவிட்டு நிறம். நாலு நாள் கழிச்சுத்தான் நீலமாச்சு."

அரை வக்கீல் தலையைச் சொறிந்தான். "அப்ப அந்த மனுஷன் வீட்டுப் பக்கமே போகாம, ஒரு வாரம் கழிச்சு அந்த வழியா போறப்ப கதவைப் பாத்துட்டு, பழைய தேதி போட்டு எழுதியிருக்கார். இன்னும் நல்லதுதானே?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன்." அவள் காகிதத்தைத் திருப்பினாள். பின்பக்கம் கோர்ட் வரவு முத்திரை வட்டமாக விழுந்திருந்தது. "இது என்னைக்குக் கோர்ட்டுக்கு வந்திருக்கு பாரு."

அவன் குனிந்து படித்தான். "பதிமூணு. வெள்ளிக்கிழமை." நிமிர்ந்தான். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. "கதவு நீலமாகறதுக்கு மூணு நாள் முன்னாலேயே நீலம்னு எழுதிக் கொடுத்துட்டாரா? ஜோசியமா?"

"அந்தக் கதவு நீலமாகப் போகுதுன்னு அன்னைக்கு ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒண்ணு தச்சர். அவர் பட்டறையைவிட்டு நகரலை. இன்னொண்ணு நீலம் அடிக்கச் சொன்ன ஆள்."

இரைந்துகொண்டு ஒரு லாரி போனது.

"நம்ம கட்சிக்காரரா?" என்றான் அரை வக்கீல்.

அவள் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். அந்த அறிக்கையின் கீழே இருந்த கையெழுத்தைக் காலையிலேயே அவள் அடையாளம் கண்டுகொண்டிருந்தாள். இருபது வருடம் ஒரே கட்டடத்தில், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்த மனிதரின் கையெழுத்து அது.

*

சம்மன்காரர் கோர்ட்டின் பின்பக்க வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து, மறுநாள் கொண்டுபோக வேண்டிய காகிதங்களைத் தெருவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாம்மா! இருமல் எப்படி இருக்கு?"

"இருக்குண்ணா." அவள் பக்கத்தில் உட்கார்ந்து நகலை அவர் மடியில் வைத்தாள். "இது உங்க கையெழுத்துதானே?"

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். முதல் வரியிலேயே அவர் விரல்கள் நின்றுவிட்டன.

"அன்னைக்கு அந்த வீட்டுல கதவே இல்லைண்ணா," என்றாள் மெதுவாக. "தச்சர்கிட்ட இருந்துச்சு. நிலையில என்ன தொங்கிச்சு?"

சம்மன்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

"பெட்ஷீட்," என்றார். "பூப்போட்ட பெட்ஷீட் ஒண்ணு."

அரை வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ரெக்கார்டக்கா கண்ணாலேயே அடக்கினாள்.

"விலக்கிக்கிட்டு அந்தப் பொண்ணே வந்துச்சும்மா. கையிலதான் கொடுத்தேன். வாங்கிப் படிச்சுது. முழுசா, ரெண்டு தடவை. உள்ள அந்தத் தம்பி உக்காந்திருந்தான். ரெண்டு கையிலயும் கட்டு. மிஷின் பக்கத்துல நூல்கண்டை உருட்டிக்கிட்டு இருந்தான். நான் கையெழுத்துப் போடச் சொன்னேன். அது போடலை. 'ஐயா, நான் வாங்கினதா எழுதாதீங்க. ஒட்டிட்டுப் போனதா எழுதுங்க. காத்துல பறந்து போச்சுன்னு இருக்கட்டும்'னு சொல்லுச்சு."

"நீங்க எழுதிட்டீங்க."

"முப்பத்தாறு வருஷத்துல நான் பாக்காத அழுகை இல்லை. காசு கொடுக்க வந்தவங்க உண்டு, அடிக்க வந்தவங்க உண்டு. இந்தப் பொண்ணு அழவே இல்லைம்மா. அதான் என்னால முடியலை. 'கதவே இல்லாத வீட்டுல எதுல ஒட்டினேன்னு எழுதறது'ன்னு கேட்டேன். 'கதவு வந்துடும், நீலம் அடிக்கச் சொல்லியிருக்கேன், என் தம்பிக்கு நீலம்தான் பிடிக்கும்'னுச்சு. அதையே எழுதினேன். ஒட்டினேன்னு மொட்டையா எழுதினா மேலதிகாரி கேள்வி கேப்பார். பொய்க்கு நிறம் கொடுத்தாத்தான் நிக்கும்னு நினைச்சேன்."

"உங்களுக்கு இன்னும் எவ்வளவு சர்வீஸ் இருக்கு?"

"நாலு மாசம்."

அவர் காகிதங்களை மறுபடி அடுக்கத் தொடங்கினார். முன்பு பிரித்து வைத்த தெருக்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோயின. அது அவர் கண்ணில் படவில்லை.

*

வெளியே வந்ததும் அரை வக்கீல் வண்டியைக் கிளப்பாமல் நின்றான்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? கோபப்படக் கூடாது."

"சொல்லு."

"வக்கீலம்மா நம்மகிட்ட கேட்டது என்ன? அன்னைக்குக் கதவு இருந்துச்சா இல்லையா? இல்லை. அவ்வளவுதான். வேற எதுவும் நாம கேக்கலை, நமக்குத் தெரியாது. சின்னவன் வீட்டுக்கு வந்துடுவான்."

"சம்மன்காரர் வேலை?"

அவன் வண்டிச் சாவியை விரலில் சுற்றினான்.

"அவ கையில வாங்கினது வெளிய வந்தா?"

"வந்தா ஒண்ணுமே நிக்காது. சம்மன் கொடுத்த முறை கோணலா இருந்தாலும், விசாரணைத் தேதி தெரிஞ்சிருந்தா ரத்து பண்ண மாட்டாங்க. அதோட, தெரிஞ்சே 'வரலை'ன்னு சத்தியம் பண்ணினா அது பொய்ச் சத்தியம். ஜெயிலுக்கே போகலாம்." குரலைத் தாழ்த்தினான். "ஆனா யார்க்கா சொல்லப் போறா? அவர் சொல்ல மாட்டார். அந்தம்மா சொல்ல மாட்டாங்க."

ரெக்கார்டக்கா நடைபாதையில் அப்படியே நின்றாள். அவள் காப்பகத்துக்கு ஒரு முறை போயிருந்தாள். சின்னவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போலிருந்தது. ஒரு பொய் அவனை இந்த வாரமே வீட்டுக்குக் கொண்டுவரும். உண்மை கொண்டுவருமா என்று அவளுக்குத் தெரியாது. ஆவண அறையில் அவள் கட்டிவைத்த ஆயிரக்கணக்கான கட்டுகளில் எத்தனை பொய்கள் முத்திரையோடு தூங்குகின்றன என்று அவளுக்குத் தெரியும். இன்னும் ஒன்று சேர்ந்தால் என்ன?

"வண்டியை எடு," என்றாள். "நாளைக்குப் பத்தரைக்கு அந்தப் பொண்ணு கையெழுத்துப் போடறதுக்குள்ள நான் அவகிட்ட பேசணும்."

*

தையல்காரம்மா விளக்குப் போட்டுவிட்டு மிஷினில் இருந்தாள். பள்ளிக்கூடச் சட்டைகள் காலர் இல்லாமல் குவிந்திருந்தன. நாற்பது வயதுக்குள் கூந்தல் பாதி வெளுத்தவள்.

"கதவு விஷயம் கிடைச்சுதாங்க?" என்று எழுந்தாள். "தச்சர் சொன்னாரா?"

"சொன்னார். அடி உள்பக்கத்துலேர்ந்து விழுந்திருக்குன்னும் சொன்னார்."

தையல்காரம்மா மறுபடி உட்கார்ந்தாள். அவள் கால் பழக்கத்தில் மிதியைத் தொட்டது. துணியில்லாமல் ஊசி நான்கு முறை ஏறி இறங்கியது.

"சம்மன்காரரையும் பாத்துட்டு வரேன்மா."

அரை வக்கீல் தரையில் கிடந்த நூல்கண்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"ஒம்பதாம் தேதி," என்று அவளே ஆரம்பித்தாள். "யூனிஃபார்ம் கொடுக்கப் போகணும். அவனைக் கூட்டிக்கிட்டுப் போனா பஸ்ல கத்துவான். அரை மணி நேரம்தானேன்னு வெளிய பூட்டிட்டுப் போயிட்டேன். பஸ் வரலை. மூணு மணி நேரம் ஆயிடுச்சு. தெரு முனையிலேயே சத்தம் கேட்டுச்சு. கதவை அடிச்சுக்கிட்டு இருந்தான். பக்கத்து வீட்டுக்காரங்க வெளிய நின்னாங்க. 'சாவி எங்கே'ன்னு கேட்டாங்க. கையிலதான் இருந்துச்சு."

"அப்புறம்?"

"அவங்களை அவங்க வீட்டுக்குப் போகச் சொல்லிட்டு நான் படியில உக்காந்தேங்க. அவன் 'அக்கா, அக்கா'ன்னு அடிக்கிறான். நான் திறக்கலை. எவ்வளவு நேரம்னு தெரியலை. பத்து நிமிஷம் இருக்கும். கால் மணி இருக்கும். உள்ள போனா மறுபடி ஆரம்பிக்கும். அதுக்கு முன்னால கொஞ்ச நேரம் உக்காந்திருக்கலாமேன்னு இருந்துச்சு." அவள் தன் கைகளைப் பார்த்தாள். "திறந்தப்ப அவன் கையெல்லாம் ரத்தம்."

"பக்கத்து வீட்டுல சொல்லித்தான் உங்க அண்ணன் மறுநாளே அவசரமா மனுப்போட்டாரா?"

"ஆமா. காகிதம் வந்தப்ப படிச்சேன். 'சகோதரியால் பராமரிக்க இயலவில்லை'ன்னு இருந்துச்சு. கோர்ட்டுக்குப் போனா 'என்னால முடியும்'னு சொல்லணும். அது பொய். இல்லைன்னா 'முடியலை, எடுத்துக்கங்க'ன்னு சொல்லணும். அதை வாயால எப்படிங்க சொல்றது? போகாம இருந்தா நான் ஒண்ணும் சொன்னதா ஆகாது. கோர்ட்டா எடுத்துக்கிட்டா நான் கொடுத்ததா ஆகாது இல்லையா?"

ரெக்கார்டக்காவுக்கு இருமல் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அவன் போன அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன். பதினெட்டு வருஷத்துல முதல் தடவை. மறுநாள் எழுந்து ரெண்டு தட்டு எடுத்து வெச்சேன்." முதல் முறையாக அவள் குரல் உடைந்தது. "நான் நாளைக்குச் சம்மன் வரலைன்னே சொல்லிடறேன். நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க. உங்க காலைப் புடிக்கிறேன்."

"உன்னைக் கூண்டுல ஏத்தி உங்க அண்ணன் வக்கீல் ஒரு கேள்வி கேட்டா போதும்மா. 'அன்னைக்குக் கதவு இல்லையே, அப்ப வாசல்ல யார் வந்தாலும் உங்களுக்குத் தெரியுமே, யாரும் வரலையா?' என்ன சொல்லுவ? ஒரு பொய்யைக் காப்பாத்த இன்னொண்ணு சொல்லுவ. நீ மாட்டினா அவனை இனிமே உன் நிழல்கூடத் தொட விடமாட்டாங்க. சம்மன்காரர் பென்ஷனும் போகும்."

"அப்ப அவன் அங்கேயே கிடந்து சாகட்டுமா?"

ரெக்கார்டக்கா போனை எடுத்து வக்கீலம்மாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். மறுமுனையில் வக்கீலம்மா நீளமாக மூச்சு விட்டது எல்லோருக்கும் கேட்டது.

"அந்தப் பிரமாணப் பத்திரத்தைக் கிழிச்சுப் போடுங்க. பொய்னு தெரிஞ்ச பிறகு என்னால தாக்கல் பண்ண முடியாது. ஆனா ஒரு வழி இருக்கு. இது நிலத்தகராறு இல்லை, ஒரு தடவை முடிஞ்சா முடிஞ்சதுதான்னு சொல்ல. காப்பாளர் உத்தரவு அவனோட நலனுக்காகப் போட்டது. அவன் நலன் கெடுதுன்னா உத்தரவையே மாத்தச் சொல்லிக் கேக்கலாம். ரத்து வேண்டாம், மாத்தம் கேப்போம். அதுக்குச் சம்மன் வந்துச்சா வரலையாங்கிற பேச்சே தேவையில்லை."

"அப்ப நான் ஒண்ணும் சொல்ல வேண்டாமா?" தையல்காரம்மாவின் முகம் ஒரு நொடி தெளிந்தது.

"ஏன் வரலைன்னு நீதிபதி கேப்பாரும்மா," என்றது போன். "கட்டாயம் கேப்பார்."

*

கேட்டார்.

ஒரு வாரம் கழித்து, பகல் பன்னிரண்டு மணிக்கு, மின்விசிறி ஓடியும் வியர்த்த ஒரு சிறிய கோர்ட் அறையில். முன்வரிசையில் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெட்டிக்கடைக்காரன், கடையைப் பூட்டிவிட்டு வந்த அவசரத்தில் சாவிக்கொத்து இடுப்பிலேயே தொங்கியது.

தையல்காரம்மா கூண்டில் நின்று, படியில் உட்கார்ந்திருந்த கால் மணி நேரம் உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் ஒரு முறைதான் நிறுத்தினாள், தண்ணீருக்காக. நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"சம்மன் கதவில் ஒட்டியதாக அறிக்கை இருக்கிறது. நீங்கள் கையில் வாங்கியதாகச் சொல்கிறீர்கள். எது சரி?"

தையல்காரம்மா கோர்ட் அறையின் பின்சுவரைப் பார்த்தாள். அங்கே சம்மன்காரர் நின்றிருந்தார். அவரை யாரும் வரச்சொல்லவில்லை.

"கையிலதாங்க வாங்கினேன். ஒட்டினதா எழுதச் சொன்னது நான்."

நீதிபதி பக்கத்தில் இருந்த எழுத்தரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். எழுத்தர் குறித்துக்கொண்டார். அது என்ன என்று ரெக்கார்டக்காவுக்குக் காதால் கேட்க வேண்டியிருக்கவில்லை. விளக்கம் கேட்டுச் சம்மன்காரருக்கு ஒரு குறிப்பாணை போகும்.

அப்போது யாரும் கேட்காமலேயே அண்ணன் எழுந்தான். அவன் வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

"ஐயா, அவ ஒரு தடவைகூட என்கிட்ட முடியலைன்னு சொன்னதில்லை. எப்ப போன் பண்ணினாலும் 'நல்லா இருக்கோம்'னுதான் சொல்வா. அவளுக்கு நான் வேண்டாம்னு நினைச்சேன். அவன் கையைப் பாத்த பிறகு எனக்கு வேற என்ன செய்யறதுன்னு தெரியலை." அவன் கூண்டைப் பார்த்துத் திரும்பினான். "சொல்லியிருக்கலாம் இல்ல? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"நீயும் கேட்டதில்லையே," என்றாள் அவள்.

நீதிபதி இருவரையும் அடக்கினார். ஆனால் குரலில் கடுமை இல்லை. இறுதி உத்தரவு அன்று வரவில்லை. மூன்று மாதத்துக்கு இடைக்கால ஏற்பாடு: சின்னவன் அக்கா வீட்டில், வாரத்தில் மூன்று நாள் அண்ணன் பொறுப்பு, மாதம் ஒரு முறை கோர்ட்டின் ஆள் வந்து பார்த்து அறிக்கை கொடுப்பார். ஒரு முறை பூட்டினாலும் ஏற்பாடு ரத்து.

வராந்தாவில் சம்மன்காரர் அதே பெஞ்சில் இருந்தார்.

"உங்களை யாருண்ணா வரச்சொன்னது?" என்றாள் ரெக்கார்டக்கா.

"எழுதினது நான்தானேம்மா. அந்தப் பொண்ணு தனியா நின்னு சொல்லணுமா?"

"பென்ஷன்?"

"பாக்கலாம்," என்றார். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. அவள் கொஞ்ச நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். விளக்கம் எழுத உதவுகிறேன் என்று மட்டும் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

சாயங்காலம் காப்பகத்தில் சின்னவன் அக்காவைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் கூப்பிட்டாள், வரவில்லை. அண்ணன் கையை நீட்டியதும் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். தையல்காரம்மா அவன் துணிப்பையை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். வாசல்வரை, பஸ் நிறுத்தம்வரை, அவன் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ரெக்கார்டக்காவும் அரை வக்கீலும் எதிர்ப்பக்கம் ஸ்கூட்டரோடு நின்றார்கள். பஸ் வந்தது. சின்னவன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். பிறகு பக்கத்து இடத்தைக் கையால் இரண்டு முறை தட்டினான், யாரையும் பார்க்காமல்.

அண்ணனும் தங்கையும் பஸ்ஸின் நடுவில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் அவள் தோளைத் தொட்டு முன்னால் நகர்த்தினான்.

அவள் உட்கார்ந்தாள். சின்னவன் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தான். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு, அவனைத் தொடாமல் நேராக உட்கார்ந்திருந்தாள். பஸ் கிளம்பியது.